வாளிதான் டிக்கெட்

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். அந்தக் குடியிருப்பில் நேருக்கு நேர் 'செக்கர் சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'செக்கர்'. ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே கை நமநமவென்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. சோதிக்க ஒன்றுமில்லையே! பால் பாக்கெட்டின் தேதியைச் சோதித்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சோதித்தார். கடைசியில் சமையலறைக்குள் நுழைந்து, மனைவி சீவிப் போட்ட உருளைக்கிழங்குத் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இவ்வளவு கனமா சீவினா கிழங்குல பாதி குப்பைக்குத்தான் போகும்" என்றார்.

அந்தம்மா கையில் அப்போது கத்தி இருந்தது. ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினார்.

"அந்தக் குப்பை மேல அவ்வளவு அக்கறைன்னா அதை வச்சே ஏதாவது பண்ணுங்க. என் அடுப்புப் பக்கம் மட்டும் வராதீங்க."

அப்படிப் பிறந்ததுதான் பின்பக்கத்து உரக்குவியல். குடியிருப்புக்குப் பின்னால் உடைந்த சைக்கிளும் பழைய கதவுகளும் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, பெரிய தொட்டி மாதிரி கட்டினார். காய்ந்த இலை ஒரு அடுக்கு, காய்கறித் தோல் ஒரு அடுக்கு. முதல் தடவை கறுப்பாக, பொலபொலவென்று உரம் வந்தபோது அதைக் கையில் அள்ளி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் காட்டினார். முகம் சுளித்தவர்கள்கூட, அந்த உரம் போட்ட பாத்திகளில் தக்காளியும் பீன்ஸும் காய்த்துத் தள்ளி, கீரையும் தழைத்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

காய்த்தால் வம்பும் வரும். ஒரு தோல்கூடக் கொண்டுவராதவர்கள் பை நிறைய பீன்ஸ் பறித்துப் போனார்கள். இன்னொரு புண்ணியவான் மீன் முள்ளைக் கொண்டுவந்து கொட்ட, எலிகள் குடும்பத்தோடு குடியேறின. செக்கர் எல்லாரையும் கூட்டிச் சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு வாளி நிறைய அடுப்படிக் கழிவு கொண்டுவர வேண்டும். அவர் பார்த்துச் சரியென்றால், அங்கே சாக்கின் மேல் கட்டி வைத்திருக்கும் காய்களில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். சமைத்தது, எண்ணெய் பட்டது, எலும்பு, பூஞ்சை பிடித்த ரொட்டி எதுவும் ஆகாது. புள்ளி விழுந்த தக்காளி கூடவே கூடாது. அந்த நோய் உரத்தோடு போய்ச் செடிக்கு ஒட்டிக்கொள்ளும்.

"வாளிதான் டிக்கெட். டிக்கெட் இல்லாம யாரும் வண்டியில ஏறாதீங்க," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க வேண்டுமே! ஒரு முக்காலி, கையில் இரும்புக் கம்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு வாளியையும் கிண்டிக் கிளறி, "உங்க வீட்ல இந்த வாரம் ஒரே முட்டையா இருந்திருக்கு," "என்ன, மாமியார் வந்திருக்காங்களா, வெங்காயம் மலை மாதிரி கிடக்கு?" என்று வேடிக்கை பேசுவார். வாளியைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார். வரிசையில் நிற்பவர்களுக்கு அது ஓசியில் கிடைத்த நாடகம்.

அந்த வரிசையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடித் தையல்காரம்மா வந்து நின்றாள். ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் தைக்கிறாள் என்று கேள்வி. கணவன், இரண்டு பெண் பிள்ளைகள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிடுவாள்.

செக்கர் அவளுடைய நீல வாளியின் மூடியைத் திறந்தார். வாளியில் பாதிக்கு மேல் டீத்தூள். அதன் மேல் பூஞ்சை பிடித்த ரொட்டி ஓரங்கள், கத்தியால் சீராக நறுக்கி எடுத்தவை. பக்கத்தில் ஒரு தக்காளியின் கறுத்த பாதி.

அவர் கம்பியால் அந்த ரொட்டியைக் குத்தி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கினார்.

"என்னம்மா இது? உங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கிறதில்லையா? டீயும் ரொட்டியுமா ஓட்டுறீங்க போல!"

வரிசை கொல்லென்று சிரித்தது. தையல்காரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூடியை எடுத்து வாளியை மூடினாள்.

"சாரி சார். அடுத்த வாரம் சரியா கொண்டு வரேன்."

"ரொட்டி ஆகாது, புள்ளி விழுந்தது ஆகாது. ஞாபகம் வச்சுக்கோ. இந்த வாரம் உனக்குப் பங்கு கிடையாது," என்றார் செக்கர். அடுத்த வாளிக்குக் கை நீட்டினார். தக்காளியின் நல்ல பாதி எங்கே போனது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வாளியைப் பார்த்தே வீட்டைச் சொல்லும் மனிதர்!

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் பார்த்திருந்தார். செக்கர் மேலே வந்ததும் தட்டை வைத்தார். அவர் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு கம்பெனியை மூடி எத்தனை மாசம் ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மூடிட்டாங்களா?"

"வீட்டுக்காரர் வண்டியில இருந்து விழுந்து கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு. விக்காம மிஞ்சின பழைய ரொட்டியை பேக்கரியில கம்மி விலைக்கு வாங்கி, கெட்டுப்போன ஓரத்தை வெட்டிட்டு பிள்ளைங்களுக்குக் குடுக்கறா. படிக்கட்டுல வச்சு என்கிட்ட சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கான்னு கையைப் பிடிச்சா. அதனாலதான் உங்ககிட்டயும் சொல்லல."

செக்கர் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

"பஸ்ல டிக்கெட் இல்லாதவனைக்கூட காதோட காதா சொல்லித்தானே இறக்கி விடுவீங்க? ஊரெல்லாம் அதைத்தானே பெருமையா சொல்லிட்டுத் திரிவீங்க? இவளை மட்டும் ஏன் கம்பியில குத்தித் தூக்கினீங்க?"

உண்மைதான். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. டிக்கெட் இல்லாமல் வேர்த்து விறுவிறுத்து நிற்பவனிடம் குனிந்து, "அடுத்த ஸ்டாப்ல இறங்கிடு தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பக்கத்து இருக்கைக்காரனுக்குக்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு, முக்காலியில் உட்கார்ந்ததும் நாக்கு எங்கிருந்து இவ்வளவு நீண்டது? தட்டைத் தள்ளி வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம், தன் பங்குத் தக்காளியையும் பீன்ஸையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினார். கதவு பாதி திறந்தது. உள்ளே கட்டிலில் கால் கட்டோடு ஒருவர். தரையில் இரண்டு பெண்கள் ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். தையல் மிஷின் உறை போட்டு மூலையில் இருந்தது.

"இந்தாம்மா. காலையில ஏதோ வேடிக்கையா... மனசுல வச்சுக்காதே."

அவள் பையைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"பரவால்ல சார். நான் வாளி குடுக்கலையே. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?"

குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். அவர் போட்ட சட்டத்தை அந்தக் குடியிருப்பிலேயே முழுசாக மதித்த ஒரே ஆள் அவள்தான். செக்கர் பையோடு படி இறங்கினார். வீட்டுக்கு வந்தும் அந்தத் தக்காளியைத் தொட மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகவே வழி மேல் விழி வைத்துக் காத்திருந்தார். வந்தாள். வாளி நிறைய பச்சைப்பசேலென்று காலிஃபிளவர் இலை, கோஸின் மேலிலை, கேரட்டின் தழை. ஒரு புள்ளி கிடையாது, ஒரு அழுகல் கிடையாது. செக்கர் கம்பியைத் தொடவே இல்லை.

"பிரமாதம்!" என்றார், கடைசி ஆள்வரை கேட்கும்படி. "வாளின்னா இப்படி இருக்கணும்!"

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. இருப்பதிலேயே பெரிய பங்காகப் பார்த்து அவர் எடுத்துக் கொடுத்தார். அப்பாடா, தீர்ந்தது என்று ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் வாளியைக் குவியலில் கொட்டும்போது கை தானாகவே நின்றது. நான்கைந்து காலிஃபிளவரின் இலை இருந்தது. காலிஃபிளவரின் தண்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. கேரட்டின் தழை இருந்தது. கேரட் தோல் ஒரு சுருள்கூட இல்லை. வெங்காயச் சருகு இல்லை. இது எந்த அடுப்படியிலிருந்தும் வந்த வாளி இல்லை.

யாரோ கடைக்காரர் தெரிந்தவர் போல, பாவம் கொடுக்கிறார் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார். சமாதானம் ஆக வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அது வராமலா போகும்? வாரா வாரம் அதே இலை வாளி வந்தது. வாரா வாரம் 'பிரமாதம்' சொன்னார். நடுவில் ஒருநாள், "வாளியெல்லாம் இனிமே எதுக்கு, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டுமே" என்று மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தார். முதல் மாடி பேங்க்காரர் விடவில்லை. "ரூல் போட்டதே நீங்கதானே சார்? மறுபடி மீன் முள்ளு வரணுமா?" என்று அவர் வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தார். செக்கர் பெட்டிப் பாம்பாக அடங்கினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் மனைவி இஞ்சி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். கடையடைக்கும் நேரம். மார்க்கெட்டின் பின்பக்கம், வியாபாரிகள் கழித்த இலையும் அழுகலும் குவித்துப் போடும் இடத்தைத் தாண்டித்தான் இஞ்சிக் கடை. அங்கே குந்தி உட்கார்ந்து ஒருத்தி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். இருந்தும் அந்த நீல வாளியை செக்கருக்குத் தெரியாதா?

அவர் சட்டென்று உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். முதலில், அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் ஒதுங்கினார்; பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

அவளிடம் வாளி ஒன்று, துணிப்பை ஒன்று. ஒவ்வொரு இலையாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல இலை வாளிக்குப் போனது. ஓரம் அழுகியது, பூச்சி அரித்தது, புள்ளி விழுந்த தக்காளி எல்லாம் துணிப்பைக்குப் போனது. அவர் எப்படிச் சோதிப்பாரோ அப்படியே, அதே நிதானத்தோடு சோதித்தாள்.

கடையைக் கழுவிக்கொண்டிருந்த காய்கறிக்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, தலைகீழா போடறியே? நல்லதை எல்லாம் வாளியில போட்டுட்டு அழுகினதை வீட்டுக்குக் கொண்டு போறியா?"

"வாளி உரத்துக்குக்கா. எங்க செக்கர் சார் புள்ளி விழுந்ததை எடுக்க மாட்டாரு."

"அப்ப உனக்கு?"

"வெட்டிட்டுச் சமைச்சா ஒண்ணும் ஆகாது. உரத்துலதான் நோய் வருமாம். நமக்கு என்ன?" என்று சிரித்தாள். "வாளி சரியா இருந்தாத்தான் அங்க பங்கு கிடைக்கும். தக்காளி, பீன்ஸ், கீரை எல்லாம் தருவாங்க. சின்னவளுக்கு பீன்ஸ்னா உயிர்."

"நல்ல சார்தான் போ," என்றாள் காய்கறிக்காரம்மா, தண்ணீரை வீசி ஊற்றிக்கொண்டே.

"ஐயோ, அவரு நல்லவரு. வாரா வாரம் எல்லார் முன்னாடியும் பிரமாதம்னு சொல்லுவாரு."

செக்கர் மூட்டைக்குப் பின்னால் நின்றது நின்றபடியே இருந்தார். எத்தனை 'பிரமாதம்' சொல்லியிருப்பார்! ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரத்து நல்ல இலை குவியலுக்குப் போயிருக்கிறது, ஒரு வாரத்து அழுகல் அந்தப் பிள்ளைகளின் தட்டுக்குப் போயிருக்கிறது. செடிக்கு நோய் வரக் கூடாதென்று கம்பியால் கிளறிக் கிளறிப் பார்த்தவர் அவர்.

இஞ்சி வாங்காமல் வீட்டுக்கு வந்தார். மனைவியிடம் சொன்னார். ஒரு வசவாவது விழும் என்று எதிர்பார்த்தார். அந்தம்மா கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

"நேரா போய் மன்னிப்புக் கேட்டுடட்டுமா?" என்றார் செக்கர், சமையலறை வாசலில் நின்று.

"கேட்டு? நீ பொறுக்கறதைப் பார்த்துட்டேன்னு சொல்லப் போறீங்களா? உங்க மனசு லேசாகும். அவ அப்புறம் உங்க மூஞ்சில எப்படி முழிப்பா?"

அன்று மதியமே அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குவியலிலிருந்து தள்ளி, செடிகள் இல்லாத மூலையில் குழி தோண்டினார். கல்லும் மண்ணுமான இடம். இடுப்பு விட்டுப்போனது. பால்கனியிலிருந்து மனைவி, "நாளைக்குத் தோண்டக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார். முழங்கை ஆழம் வந்தும் நிறுத்தவில்லை. இடுப்பளவு ஆனபிறகுதான் ஏறி வந்தார்.

மறுநாள் காலை முக்காலியைச் சுவரோரம், வரிசையைவிட்டுத் தள்ளிப் போட்டார். கம்பியைக் கொண்டுவரவில்லை.

"ஒரு சின்ன மாற்றம்," என்று அறிவித்தார். "இனிமே ஒவ்வொருத்தரா இங்க வந்து காட்டினா போதும். அடுத்தவங்க வீட்டு வாளி நமக்கு எதுக்கு? அப்புறம், ரொட்டி, புள்ளி விழுந்த தக்காளி, பூஞ்சை எல்லாம் கொண்டு வரலாம். அதுக்குத் தனியா குழி வெட்டியிருக்கேன். ஆழமா புதைச்சுட்டா எலியும் வராது, செடிக்கும் ஒண்ணும் ஆகாது. வாளி நிறையணும்னு இல்ல. ஒரு கைப்பிடி இருந்தாலும் டிக்கெட்தான்."

பேங்க்காரர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே சார்," என்றார். மனிதர் யதார்த்தமாகத்தான் சொன்னார். செக்கருக்குச் சுருக்கென்றது.

தையல்காரம்மா முறை வந்தது. நீல வாளியை அவர் முன்னால் வைத்து, மூடியைத் தானே எடுத்து, அவருக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்தாள். "பாருங்க சார். எல்லாம் நல்லதுதான்."

நல்லதுதான். நேற்று அவர் கண் முன்னால் பொறுக்கியது. செக்கருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே, பேருந்தில் பேசுவாரே, அந்தக் குரலில் பேசினார்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. கழிச்சதை மட்டும் இங்க கொண்டு வா. பங்கு எப்படியும் உண்டு."

அவள் வாளியை நிமிர்த்தி மூடினாள். பிறகு அவளும் அதே அளவு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மார்க்கெட்டுக்கு வந்திருந்தீங்களா சார்?"

மனைவி அவ்வளவு சொல்லி அனுப்பியும் காரியம் கெட்டுவிட்டது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. திரும்பி வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க சார். வாளியோட திரும்பிப் போனா, அன்னிக்கு மாதிரி மறுபடியும் நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு நினைப்பாங்க."

போய் அவளே குவியலில் கொட்டினாள். அத்தனை நல்ல இலையும் சரசரவென்று விழுந்தது. சாக்கிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு, வழக்கம்போலச் சுவரோரமாகப் போய்விட்டாள். 'பிரமாதம்' என்று சொல்ல அன்று செக்கருக்கு நாக்கு எழவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இனிமேல் வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். வராவிட்டால் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் கொஞ்சம் பீன்ஸும் போகும். அதுவும் அவர் கணக்கில்தான் ஏறும். சொல்லியும் கெடுத்தேன், சொல்லாமலும் கெடுத்தேன் என்று மனைவியிடம் புலம்பினார். "வருவா. ரெண்டு பிள்ளை வச்சிருக்கிறவ," என்றார் அந்தம்மா.

வந்தாள், வரிசையின் கடைசியில். நீல வாளியை இந்த முறை ஒற்றைக் கையால் தூக்கி வந்தாள். சாய்த்துக் காட்டவில்லை. அவர் முன்னால் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள்.

செக்கர் மூடியை ஒரு ஓரம் மட்டும் தூக்கினார். அடியில் கொஞ்சம் டீத்தூள். தக்காளியிலிருந்து நறுக்கி எடுத்த கறுத்த வட்டங்கள், அழுகிய இலை ஓரங்கள். அவற்றோடு காலிஃபிளவர் இலைகளின் தடித்த நடு நரம்புகள், இரண்டு பக்கமும் இலையைச் சுத்தமாக உருவிவிட்ட வெறும் தண்டுகள். ஒரு வாளி இலையின் தண்டுகள் இருக்கும். இலை இல்லை.

வாளியைப் பார்த்தே வீட்டைச் சொல்லும் மனிதர். அன்று ஒன்றும் சொல்லவில்லை. பங்கு எடுத்துக்கொண்டிருந்த யாரோ எட்டிப் பார்க்க வந்தார்கள். செக்கர் மூடியை அழுத்தி மூடி, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு குழிப்பக்கம் நடந்தார்.